கீழே பார்க்கும் விளக்குகள்

1

கிட்ட வாருங்கள், என் செல்லங்களே. இன்னும் கிட்ட. காலி நகருக்குப் போகிற வீதியில் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிற அடியில் நான் எழுதுகிற எழுத்துக்கே காது அடைக்கிறது. கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். ஒரு கதை தருகிறேன், வாக்கு. நல்ல கதைதான், ஆனால் கோபமான கதை. எழுபத்துமூன்று வயதில் கோபப்பட்டால் பிரஷர் ஏறும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அவர் கதை வாசிக்கிற ஆள் இல்லை. அதனால் பயமில்லை.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னாலிருந்து கிடைத்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ் அறையில் ஜீவராணி இருக்கிறாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத் தன் பழைய காரில் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போய்ப் பகலில் திருப்பிக் கொண்டுவருவது அவள் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன், அவள் காருக்கு முன்னால் குப்புறப் படுத்திருக்கிறாள். கையில் ஸ்குரூடிரைவர். முன் பம்பரில் இருந்த வட்டமான கறுப்பு மூடி ஒன்றை நெம்பிக்கொண்டிருந்தாள். அது தெறித்து என் செருப்பில் பட்டது.

"ஆன்டி, இங்க வந்து இந்த அநியாயத்தப் பாருங்களேன்."

குனிந்தேன். (முழங்கால் சத்தம் போட்டது. அதை எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன்.) மூடி இருந்த இடத்தில் ஒரு குழி. விளக்கு ஒன்று உட்காருவதற்கென்றே அளவெடுத்துச் செய்த குழி. உள்ளே ஒரு வயர் வந்து நிற்கிறது. நுனியில் ப்ளக். ப்ளக்கின்மேல் இருபத்தைந்து வருடமாக யாரும் பிரிக்காத டேப்.

"வயரெல்லாம் இழுத்து வச்சிருக்கான் ஆன்டி. பனிக்குப் போடுற பொக் லைட்டு மட்டும் வைக்கல. ஒசத்தி மொடல் வாங்குனவனுக்குத்தான் லைட்டு. மத்தவனுக்கு மூடி."

செல்லங்களே, நான் பல அநியாயங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இவ்வளவு சுத்தமாகச் செய்த அநியாயத்தைப் பார்த்ததில்லை. தர முடியாமல் போயிருந்தால் மன்னிக்கலாம். எல்லாக் காருக்கும் இடம் விட்டு, எல்லாக் காருக்கும் வயர் இழுத்து, கடைசி நிமிடத்தில் உனக்கில்லை என்று மூடி போடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அந்த மூடியையும் ஒருவன் வரைந்து, ஒருவன் அச்சில் வார்த்திருப்பான் அல்லவா?

அன்றே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம் இது: "மலைநாட்டு மூடுபனி ஒரு வெள்ளைச் சேலையைப் போல..."

அடித்துவிட்டேன். நான் மலைக்கு வாழ்நாளில் இரண்டு தரம்தான் போயிருக்கிறேன். இரண்டு தரமும் கொளுத்துகிற வெயில்.

இரண்டாவது: "பேச்சியம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த அன்று..."

இதை அடித்தது ஜீவராணி. "எங்கம்மாவ நோயில இருந்து தொடங்காதீங்க ஆன்டி. அம்மாவுக்கு நோய் மட்டுமா இருக்கு? வாயும் இருக்கு."

சரி, வாயிலிருந்து தொடங்குகிறேன்.

பேச்சியம்மா ஜீவராணியின் தாய். மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் இருக்கிறார். கட்டிக்குக் கொழும்பில் மருந்து ஏற்ற வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு தரம், மொத்தம் ஆறு தரம். ஜீவராணி முதல்நாள் போய்க் காரில் கூட்டிவந்து, மறுநாள் மருந்து ஏற்றி, இரண்டு நாள் தன்னோடு வைத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவாள். மூன்று தரம் முடிந்தது. மூன்றாவது தரம் இறங்கி வரும்போது, பட்டப்பகல் மூன்று மணிக்கு, வட்டவளைக்கும் கினிகத்தேனைக்கும் நடுவில் மூடுபனி இறங்கிவிட்டது. காரின் பெரிய விளக்கைப் போட்டிருக்கிறாள். வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி அவள் கண்ணிலேயே விழுந்திருக்கிறது. முன்னால் வெள்ளைச் சுவர். இடது சக்கரம் ரோட்டோர வாய்க்காலான கானுக்குள் போய்விட்டது. கானுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கிக் காரைத் தூக்கி வைத்தார்கள். பேச்சியம்மா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"இந்தா பாரு. இந்தத் தடவ மருந்து ஏத்திக்கிறேன், வந்ததுக்கு. இனிமே இந்தக் கார்ல ஏற மாட்டேன்."

"அப்ப பஸ்ல வாறியாம்மா?"

"பஸ்ஸுல வாந்தி. கார்ல சாவு. நான் லயத்துலயே கெடக்குறேன். சாகப்போறவ நானு. கூட நீ எதுக்குடி? ஒனக்கு டிக்கட்டு போட்டாச்சா?"

பேச்சியம்மா சொன்னால் சொன்னதுதான். அடுத்த மருந்து ஒரு வியாழக்கிழமை. அதற்கு முதல், பனியில் பாதை தெரியும் என்று தாயிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மிச்ச மூன்று மருந்தும் இல்லை. இந்தக் கதையில் இருக்கிற விஷயம் இவ்வளவுதான், செல்லங்களே. அந்த அம்மா காரில் ஏறுவாரா, மாட்டாரா?

(* இங்கே ஒரு அடிக்குறிப்பு போடவேண்டும். எனக்கு அடியில் எழுத வராது, நடுவிலேயே எழுதுகிறேன். தேயிலை மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்குவதற்கு நூற்றைம்பது வருடத்துக்கு முன்னாலேயே ரயில் போட்டார்கள். தேயிலை கசங்காமல் வந்து சேருகிறது. கொழுந்து பறித்த மனுசிக்கு மருந்து வேண்டுமென்றால் மட்டும் நாலு மணித்தியாலம் வாந்தியெடுத்துக்கொண்டு அவளே இறங்கி வர வேண்டும். ஏன், மருந்து மேலே ஏறினால் மூச்சு வாங்குமா?)

3

புது விளக்குகள் கடையில் இருக்கின்றன. நீலமாகவும் ஊதாவாகவும் கண்ணைக் குத்துகிறவை. ஜீவராணிக்கு அவை வேண்டாம். அந்தக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்து, அந்த ப்ளக்கில் கொழுவுகிற, கொம்பனி விளக்கே வேண்டும். அப்படியானால் அதே வருடத்து உயர்ந்த மொடல் ஒன்று எங்காவது அடிபட்டுக் கிடக்க வேண்டும். தேடினோம். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில், உடைந்த கார்களைப் பிரித்து விற்கிற நபீஸின் முற்றத்தில் கிடந்தது. பின்பக்கம் அப்பளம்போல் நொறுங்கிய கார். முகத்தில் ஒரு கீறல் இல்லை. விளக்கு இரண்டும் அப்படியே.

நபீஸ் முதலில் ஜீவராணியிடம் பேசவேயில்லை. என்னிடம் பேசினார்.

"செல்லுங்க தாத்தா, ட்ரைவர் எங்க?"

(எங்கள் முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரி தாத்தா, இளையவள் நங்கி. மீசை வைத்தவரை நினைத்துக்கொள்ளாதீர்கள்.)

"இந்தா நிக்கிறா," என்றேன்.

"ஆ, நங்கியா? நங்கிக்கி என்னத்துக்கு பொக் லைட்? கொழும்புல மூடுபனி எங்க ஈக்கி? ஷோவுக்கா?"

"கல்யாண வூட்டுக்குப் போறப்ப போட்டுக்கத்தான்," என்றாள் ஜீவராணி. "ஒரு சோடி தோடு மாதிரி."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வயரைக் குட்டையாக வெட்டாமல் விளக்கைக் கழற்றித் தரச் சொன்னாள். ஸ்டியரிங்கின் பக்கத்தில் விளக்கைப் போடுகிற தண்டையும் சேர்த்துக் கேட்டாள், அவளுடைய காரின் தண்டில் அந்த வளையம் இல்லாததால். நபீஸின் சிரிப்பு அங்கே நின்றது. "நங்கி வேல தெரிஞ்ச ஆள்," என்றார், அதையும் என்னைப் பார்த்தபடி.

4

இந்தப் பகுதியை எழுத எனக்கு வெட்கம். ஏனென்று வாசித்தால் தெரியும்.

செபஸ்தியன் கொட்டாஞ்சேனையில் முப்பது வருடமாகக் கார் வயர் வேலை செய்கிறவர். கை சுத்தம். மதியத்துக்குள் விளக்கு இரண்டையும் குழியில் இருத்தி, விளக்குக்கு மின்சாரம் தட்டிவிடுகிற கட்டைவிரல் அளவு ரிலே ஒன்றைப் பொருத்தி, தண்டை மாற்றிவிட்டார். இருபத்தைந்து வருட டேப்பை அவர் உரித்தபோது உள்ளே ப்ளக் புதுப்பெண்போலப் பளபளத்தது. ("புதுப்பெண்போல" வேண்டாம். இருந்த மாதிரியே இருந்தது, அவ்வளவுதான்.)

பிறகு கராஜின் தகரக் கதவை இழுத்து மூடி இருட்டாக்கினார். விளக்கைப் போட்டார். எதிர்ச் சுவரில் இரண்டு வெளிச்சப் பட்டைகள் விழுந்தன. விளக்குக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஆணியைத் திருகித் திருகி, வெளிச்சத்தைத் தன் நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்தார்.

"இப்ப பாருங்கோ! அங்கால மதிலைத் தாண்டிப் போகும்."

"கீழ எறக்குங்கண்ணே," என்றாள் ஜீவராணி.

"ஏன்?"

"முழங்காலுக்குக் கீழ. ரோட்டு ஓரம் தெரியற மாதிரி."

"தங்கச்சி, வெளிச்சம் எண்டா தூரத்துக்குப் போகோணும். நிலத்தைப் பார்க்கிறதுக்கு என்னத்துக்கு லைட்? காசு விழுந்திட்டா தேடுறதுக்கா?"

"நீங்க பனிக்குள்ள ஓட்டியிருக்கீங்களா?"

"நான் முப்பது வருசமா வேலை செய்யிறன்."

"அதக் கேக்கல. பனிக்குள்ள ஓட்டியிருக்கீங்களா?"

செபஸ்தியன் என்னைப் பார்த்தார். இதோ என் வெட்கம் வருகிறது. நான் சொன்னேன்: "மகள், அவர் வேல தெரிஞ்ச மனுசன். அவர் செல்றபடி விடுங்களே."

பனியில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு, பனியைக் கண்ணால் காணாத இரண்டு பேர் பனியைப் படிப்பித்தோம். செபஸ்தியன் இரண்டு ஆணியின் தலையிலும் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தார். அளவு வைத்து முடித்த வேலைக்கு அவர் போடுகிற முத்திரை அது. இனி யாரும் தொடக்கூடாது என்று அர்த்தம். தொட்டால் பிறகு அவர் பொறுப்பில்லை.

5

அன்று வீட்டுக்கு வந்து, மனம் குளிர்ந்து ஒரு வசனம் எழுதினேன்.

"இரண்டு விளக்குகளும் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தன, மலை முழுவதும் ஒளியில் நனைந்தது."

எழுதிவிட்டு எனக்கே என்னைப் பிடித்திருந்தது. படியிறங்கிப்போய் ஜீவராணிக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களைக் காரிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"யாரு கிழிச்சா?"

"லைட்டுதான், மகள்."

"பனி என்னா பழைய சீலையா ஆன்டி, கிழிக்கிறதுக்கு? அன்னைக்கிக் கானுக்குள்ள போனேனே, அது எதனால? இந்த மாதிரி பாஞ்சதாலதான்! தூரத்துக்கு அடிச்சா பனிதான் வெளிச்சமாகும். பாத தெரியாது. சின்னப் புள்ளையில ஸ்கூலுக்குப் போறப்ப எங்களுக்கு டோர்ச்ச மொழங்காலுக்குக் கீழ புடிக்கணும்னு தெரியும். ஏழு வயசுப் புள்ளைக்கித் தெரியும். மேல தூக்குனா பின்னால வர்ற புள்ள கத்தும். அந்த அண்ணனுக்குத் தெரியல, பரவால்ல. நீங்க எங்கம்மா உசுர வச்சு எழுதுறீங்க. ஒரு வார்த்த என்னையக் கேட்டிருக்கலாம்ல?"

அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

அவள் என் முன்னாலேயே காருக்கு முன் படுத்து, கையை உள்ளே விட்டு, ஸ்குரூடிரைவரை வைத்துத் திருகினாள். சிவப்புச் சொட்டு இரண்டாகப் பிளந்தது. செபஸ்தியனின் பொறுப்பு முடிந்து அவள் பொறுப்புத் தொடங்கியது. தொடர்மாடியின் கீழ்த்தளத்து நிழலில், சுவரில் நெஞ்சு உயரத்தில் இருந்த வெளிச்சம் மெதுவாக இறங்கி, முழங்காலைத் தாண்டி, நிலத்தில் அகலமாகப் படர்ந்தது. விசிறி மாதிரி... இல்லை. பாய் விரித்த மாதிரி... அதுவும் இல்லை. ஒரு சீமெந்துத் தரையில் வெளிச்சம் விழுந்தது. நிலத்தின் வெடிப்பு தெரிந்தது. சிகரெட் துண்டு ஒன்று தெரிந்தது. ஓரம் எங்கே முடிகிறது என்று தெரிந்தது.

என் வசனத்தை அடித்தேன். தாள் கிழிகிற அளவுக்கு அடித்தேன்.

அடித்துப் பிரயோசனம்? ஏற்கெனவே அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து ரிஸ்கானுக்கு அனுப்பியிருந்தேன். ரிஸ்கான் தெஹிவளையில் ஒரு சிறுபத்திரிகை நடத்துகிறார். என் கதைகளைப் போடுகிறவர். மறுநாள் அழைத்தார்.

"தாத்தா, பொன்னான வசனம்! பனியக் கிழிச்சிக்கொண்டு பாய்ந்தன! கதையோட உயிரே அதுதான்."

"அத வெட்டியாச்சி, மகன்."

"ஏன்?"

"பொய்."

"கதைதானே தாத்தா!" என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். தொண்டையைச் செருமினால் அவரிடம் யோசனை இருக்கிறது என்று அர்த்தம். "இன்னொரு சின்ன விஷயம். அந்த ஜீவராணிய ஒரு தம்பியா மாத்தினா என்ன? அவர் ட்ரைவர். அந்தப் புள்ள பக்கத்து சீட்ல இருக்கட்டும், தாய்ட கையப் புடிச்சிக்கொண்டு. பொம்புள ஒராள் பொக் லைட் பூட்டுறத வாசகர் நம்ப மாட்டாங்க."

"போன வருசம் நான் எழுதின கதைல முருங்கை மரத்துல ஜின் இருந்திச்சி. நம்பினாங்களா இல்லியா?"

"அது ஜின் தாத்தா."

"ஆ! ஜின்ன நம்புவாங்க. ஸ்குரூடிரைவர் புடிச்ச பொம்புளைய நம்ப மாட்டாங்க?"

அவர் கேட்டார், "சரி, முடிவு என்ன? தாய் மவுத்தாகுறா, செத்துப்போறா, அப்படித்தானே? முடிவு கனமா இருந்தாத்தான் நிக்கும்."

செல்லங்களே, நான் போனை வைத்துவிட்டேன். கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை என்று உங்களுக்கு எழுத ஆசை. ஒன்று சொன்னேன். வைத்த பிறகுதான் சொன்னேன்.

உங்களிடம் கேட்கிறேன். தோட்டத்துக் கதை என்றால் கடைசிப் பக்கத்தில் ஒரு மையித்து, ஒரு பிணம், வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? கொழும்புக்காரன் கதையில் ஆள் ஓய்வூதியம் எடுக்கிறான், மகனோடு கோபிக்கிறான், கடலைப் பார்க்கிறான், கதை முடிகிறது. பேச்சியம்மா மட்டும் செத்துக் காட்ட வேண்டும், நாம் கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த பக்கம் திருப்புவதற்கு. நானும் இதைச் செய்தவள்தான். பழைய கதைகளில் எத்தனை பேரைக் கொன்றிருக்கிறேன். ஒருவராவது திரும்பி வந்து ஏன் என்று கேட்டதில்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக இருந்தது.

6

இன்றைக்குப் புதன்கிழமை. நாளைக்கு மருந்து. நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறபோதே கதை நடந்துகொண்டிருக்கிறது. என் வாழ்நாளில் இப்படி எழுதியதில்லை.

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஜீவராணி நேராக, மலைக்குப் போகிற அவிசாவளை ரோட்டில் ஏறினாள். பகலில் பிள்ளைகளைத் தாய்மார்களே கூட்டிவருவதாக ஏற்பாடு. ஒரு மணி தாண்டி அழைத்தாள். தோட்டத்து ரோட்டின் வளைவு ஒன்றில் நின்றால்தான் சிக்னல் கிடைக்குமாம்.

"ஆன்டி, மேலயெல்லாம் எறங்கிருச்சு. நல்ல பனி."

"உங்கட உம்மா?"

"கார சுத்திச் சுத்தி வர்றாங்க. நான் லைட்டப் போட்டுட்டு நிக்கிறேன். இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன்."

அந்தப் பக்கம் காற்று. செருப்புச் சத்தம். பிறகு அந்த வாய்.

"என்னாடி இது, தல குனிஞ்சிக்கிட்டு இருக்கு? ரிப்பேரா?"

"இல்லம்மா, நான்தான் குனிய வச்சேன். போயி முன்னுக்கு நில்லு. அந்தக் கானு தெரியுதா?"

செருப்புச் சத்தம் தள்ளிப்போனது. நான் போனைக் காதோடு ஒட்டிப் பிடித்தபடி நின்றேன். அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. அணைக்கப் போகவில்லை.

தூரத்திலிருந்து: "கானு தெரியுது."

"வெள்ளக் கோடு?"

"அதுவுந் தெரியுது. கோட்டுக்குப் பக்கத்துல அட்ட ஒண்ணு போகுது, அதுவுந் தெரியுது." சத்தம் கிட்ட வந்தது. "மெதுவா ஓட்டுவியா?"

"நடக்குற வேகத்துல."

"அப்ப ஏறுறேன். ஒன்னய நம்பி இல்ல. கானு தெரியுது, அதான்."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. செல்லங்களே, எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த அன்றைக்குக்கூட இவ்வளவு சந்தோசம் வரவில்லை. பிறகு பேச்சியம்மா போனை வாங்கினார்.

"நீங்கதானா அந்தக் கத எழுதுற அம்மா?"

"ஓம் தங்கச்சி, நான்தான்."

"எங்கதையவும் எழுதுறீங்களாமே. எழுதுங்க, வேணாங்கல. ஆனா என்னையச் சாகடிச்சீங்க, நேரா ஒங்க வூட்டுக்கு வந்துருவேன். வந்தா போகமாட்டேன். சோறு போடணும்."

"போடுறன். உசுரோட வாங்க, பிரியாணி போடுறன்."

"மருந்து ஏத்துனா வாயில ருசி இல்ல. நாளான்னைக்கிப் போடுங்..."

சிக்னல் போய்விட்டது.

7

இப்போது மூன்று மணி. நாலு மணிக்குள் கதையை முடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார் ரிஸ்கான். (மன்னிப்புக் கேட்டார். ஜீவராணியை ஜீவராணியாகவே போடுகிறாராம். நல்ல பிள்ளைதான். ஆனால் முடிவு இல்லாமல் போடமாட்டாராம்.) இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

"ஆறாவது மருந்தும் முடிந்து, பேச்சியம்மா பூரண சுகத்துடன்..." இது எனக்கு ஆசையான முடிவு. ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதித்தான் முன்னமே ஒரு தரம் வெட்கப்பட்டேன்.

"வளைவில் ஒரு லொறி..." கை எழுதத் தொடங்கியது. பழக்கம். பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டேன். எழுதவே மாட்டேன். அந்த மனுசி ஏறுவதற்கு எவ்வளவு பாடு! ஏறிய மனுசியைப் பள்ளத்தில் தள்ளி ஒரு கனமான முடிவு வாங்க நான் யார்?

ஆகவே ரிஸ்கான் மகனே, முடிவு இல்லை. போட்டால் போடுங்கள், விட்டால் விடுங்கள்.

செல்லங்களே, இனி உங்களிடம் தருகிறேன். இந்த நிமிடம் அந்தக் கார் வட்டவளையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. எல்லாப் பக்கமும் வெள்ளை. முன்னால் பத்தடி ரோடு மட்டும் தெரிகிறது. ஒரு கோடு, ஒரு கான், அவ்வளவுதான். அந்தப் பத்தடி முடிந்தால் அடுத்த பத்தடி. பேச்சியம்மா முன் சீட்டில் இருந்து மகளை ஏசிக்கொண்டு வருகிறார். நீங்கள் வாசிக்கிற வேகத்தில்தான் அவர்கள் வருகிறார்கள். அவசரப்பட்டுக் கடைசி வரிக்குப் பாயாதீர்கள். ஒவ்வொரு சொல்லாக, ஓரத்தைப் பார்த்து, மெதுவாக இறக்கிக் கொண்டுவாருங்கள். கினிகத்தேனை தாண்டினால் பனி இருக்காது. அதுவரைக்கும் உங்கள் பொறுப்பு.

நான் எழும்பி நாளன்றைக்குப் பிரியாணிக்கு அரிசி இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன்.

இவ்வளவு நேரம் என்னோடு இருந்தவர்களே, உங்கள் வீட்டுச் சட்டியில் பரக்கத், இறைவனின் அருள், நிறையட்டும். உங்கள் தாய்மார் உங்களை ஏசுவதற்கு நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாருக்கும் நோய் வராதிருக்கட்டும். வந்தாலும், நீங்கள் எந்த மலையில் இருந்தாலும், மருந்து ஏறி உங்கள் வாசலுக்கு வரட்டும். ஆமீன்.